மரத்துக்கு டிரிப்ஸ் ஏற்றிய கதை

இன்னைக்கு சுகர், பிரஷர் பற்றி இல்லை. மரத்தைப் பற்றி. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மணவூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு செண்பக மரம் இருக்கிறது. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா வைத்தது. பூக்கிற நாட்களில் தெருமுனையில் பைக் திரும்பும்போதே வாசம் வரும். போன வருஷம் அதன் உச்சிக் கிளை இலை கொட்டி மொட்டையானது. இந்த வருஷம் பாதி மரம் மஞ்சள். பூ என்று சொன்னால் கைவிட்டு எண்ணிவிடலாம்.

பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள்.

"யூரியா வைங்க சார்."

"அடியில கரையான் இருக்கு, மருந்து ஊத்துங்க."

"பட்டை உரியுது, சாணி பூசுங்க."

"வெட்டிடுங்க, வீட்டு மேல விழுந்தா யார் பாக்கறது?"

ஒரே பேஷண்ட்டுக்கு நாலு பிரிஸ்கிரிப்ஷன். ஒருத்தரும் ஹிஸ்டரி கேட்கவில்லை. எப்போ ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. தினமும் ஓபியில் இதைத்தான் முதலில் கேட்கிற நானும் கேட்கவில்லை. ஒரு நாள் யூரியா வாங்கிவந்து போட்டுவிட்டேன்.

எங்கள் மரத்தின் ஹிஸ்டரியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மர வைத்தியத்தின் ஹிஸ்டரி. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு.

எங்கள் ஊருக்கு அடுத்த ரயில்வே ஸ்டேஷன் திருவாலங்காடு. பெயரிலேயே ஆலங்காடு இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போகிற ஆலமரம் தெலங்கானாவில், மகபூப்நகர் பக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர் பில்லலமர்ரி. திருத்தணி தாண்டினால் ஆந்திரா என்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது டக்கென்று புரியும். பில்லல என்றால் பிள்ளைகளின், மர்ரி என்றால் ஆலமரம். பிள்ளைகுட்டியோடு இருக்கிற ஆலமரம். விழுது விட்டு விழுது விட்டு ஏக்கர் கணக்கில் பரவிய மரம். வயது சுமார் 700 என்று சொல்கிறார்கள். அதைச் சுற்றிப் பூங்கா வைத்து, சுற்றுலாத் தலமாக்கி, பல வருஷம் ஜனங்கள் வந்து போனார்கள்.

2017 டிசம்பரில் அதன் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. உள்ளே பார்த்தால் கரையான். பொதுமக்கள் உள்ளே போவதை நிறுத்தினார்கள். வனத்துறை வைத்தியம் பார்த்தது. முதலில் மரத்தில் துளை போட்டு மருந்தை உள்ளே விட்டார்கள். அது வெளியே வழிந்துவிட்டது. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. நாம வார்டில் ஏற்றுகிறோமே, அதே டிரிப்ஸ். நூற்றுக்கணக்கான பாட்டில்களைக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, ட்யூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்தை இறக்கினார்கள். 2018 ஏப்ரலில் அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின.

அந்தப் பாட்டிலில் இருந்தது குளோர்பைரிபாஸ்.

இந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு நைட் டியூட்டி ஞாபகம்தான் வந்தது. ஆர்கனோபாஸ்பரஸ் வகை பூச்சிமருந்து அது. மனுஷ உடம்புக்குள் போய்விட்டால் கண்பாவை சுருங்கும், வாயில் நுரை தள்ளும், மூச்சு திணறும். அட்ரோபின் ஊசியைப் போட்டுப் போட்டு விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற கேஸ். அந்த விஷம் சலைன் பாட்டிலில், ஒரு மரத்துக்கு மருந்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

(யாரும் இதை வீட்டில் செய்து பார்க்காதீங்க. கையில் பட்டாலும் ஆபத்து.)

படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் நெகிழ்ந்துபோய் ஷேர் செய்தார்கள். நானும்தான். மரத்துக்கும் மனுஷனுக்கும் ஒரே வைத்தியம் என்பது கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது? மர வைத்தியத்தின் வரலாறு முழுக்க இந்த ஆசை இருந்திருக்கிறது. அது மரங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது, கெடுத்தும் இருக்கிறது.

முதலில் நம்ம நாட்டிலிருந்தே தொடங்குவோம்.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மர வைத்தியத்துக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. விருட்சாயுர்வேதம். அதில் மரத்தின் நோய்க்குக் குளிர், காற்று, வெயில் மூன்றையும் காரணமாகச் சொல்கிறார். இலை வெளுப்பது, தளிர் வளராமல் நிற்பது, கிளை காய்வது, பால் கசிவது எல்லாம் அறிகுறிகள். கேஸ் ஷீட் மாதிரியே எழுதியிருக்கிறார். சிகிச்சை என்ன? கெட்ட பகுதியைக் கத்தியால் வெட்டிச் சுத்தம் செய்து, வாய்விளங்கம், நெய், சேறு மூன்றையும் குழைத்துப் பூசி, பால் கலந்த நீர் ஊற்றணும்.

அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவராகக் கருதப்படும் சுரபாலர், தனி நூலே எழுதினார். வாதம், பித்தம், கபம் மூன்றும் மரத்துக்கும் உண்டு என்பது அவர் கணக்கு. இலை மஞ்சளானால் பித்தம். அதற்குக் குளிர்ச்சியாகப் பால், தேன், அதிமதுரம். இந்த நூலின் சுவடி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருந்தது. 1996-ல்தான் செகந்திராபாத்தில் இருந்த ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளை அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டது.

சிரிக்க வேண்டாம். மனுஷ உடம்புக்கு இருந்த ஒரே தியரியை அவர்கள் மரத்துக்கும் பொருத்திப் பார்த்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய மரியாதை. மரமும் நோயாளிதான் என்று ஒப்புக்கொள்கிற மரியாதை.

அதே வராகமிகிரர் சொன்ன இன்னொரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கும் மரத்துக்கும் 20 முழ இடைவெளி இருந்தால் உத்தமம், 16 மத்திமம், 12 கடைசி. நெருக்கி வைத்தால் வேரோடு வேர் பின்னி, மரம் நன்றாகக் காய்க்காது என்கிறார். பாலும் நெய்யும் இல்லாத இந்த வரிக்குக் கடைசியில் வருவோம்.

இப்போது இங்கிலாந்து. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டக்காரர் வில்லியம் ஃபோர்சித். மரக்காயங்களுக்கு ஒரு களிம்பு கண்டுபிடித்ததாக அறிவித்தார். பசுஞ்சாணம், பழைய சுண்ணாம்புக் காரை, மரச் சாம்பல், மணல். பின்னாளில் இதைச் சிறுநீரும் சோப்புத் தண்ணீரும் விட்டுக் கரைத்துப் பூசச் சொன்னார். பொந்து விழுந்த மரமெல்லாம் இதில் புதுசாகிவிடும் என்றார். கப்பல் கட்ட ஓக் மரம் தேவைப்பட்ட காலம் அது. அந்த நாட்டு நாடாளுமன்றம் அவருக்கு 1500 பவுண்டு கொடுத்தது. 1791-ல் புத்தகமும் வந்தது. தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற தாவர ஆய்வாளர் இதெல்லாம் ஏமாற்று என்று கடுமையாக எதிர்த்தார். நைட் சொன்னதுதான் சரி. அழுகிப்போன கட்டை திரும்ப உயிருள்ள கட்டையாக மாறாது.

சாணி பூசச் சொன்ன எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இந்த ஃபோர்சித்தைத் தெரியாது. ஆனாலும் யோசனை ஒன்றுதான். புண்ணுக்கு மருந்து போடணும் என்கிற மனுஷ யோசனை.

சரி, மரம் ஏன் அழுகுகிறது? ரொம்ப காலம் எல்லாரும் தலைகீழாக நினைத்தார்கள். கட்டை அழுகுவதால் காளான் வருகிறது என்று. ஜெர்மனியில் ராபர்ட் ஹார்ட்டிக் 1870-களில் அதைத் திருப்பிப் போட்டார். காளான் வருவதால்தான் கட்டை அழுகுகிறது. கிட்டத்தட்ட அதே வருஷங்களில் அதே நாட்டில் ராபர்ட் காக், ஆந்த்ராக்ஸுக்கும் டிபிக்கும் கிருமிதான் காரணம் என்று காட்டினார். மனுஷ வைத்தியமும் மர வைத்தியமும் ஒரே சமயத்தில் கிருமியைப் பிடித்தன.

இங்கே நீங்கள் கேட்கலாம், டாக்டருக்கு மரத்தில் என்ன வேலை என்று. இந்தியாவில் மரங்களைப் பார்த்துக்கொண்ட பலர் டாக்டர்கள்தான். நம்ம மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உதவி சர்ஜனாக வேலையைத் தொடங்கிய வில்லியம் ராக்ஸ்பர்க், 1793-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர் ஆனார். மெட்ராஸில் பிறந்த சர்ஜன் ஹியூ கிளெக்ஹார்ன், 1856-ல் மெட்ராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆனார். எட்வின் ஜான் பட்லர் அயர்லாந்தில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். 1901-ல் கல்கத்தாவுக்கு வந்து, பூஞ்சைகளின் பின்னால் போய், 1918-ல் தாவர நோய்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். இந்தியத் தாவர நோயியலின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். ஆகவே என்னைத் திட்டாதீங்க, எங்க ஆளுங்க ஏற்கெனவே இந்த வழியில் போயிருக்காங்க.

அந்தக் கல்கத்தா தோட்டம் இருப்பது ஹவுராவின் சிப்பூரில். அங்கே இருக்கிற பெரிய ஆலமரம் உலகப் புகழ் பெற்றது. 1864, 1867 இரண்டு வருஷங்களிலும் வந்த புயல்களில் அதன் பெரிய கிளைகள் முறிந்தன. முறிந்த இடம் வழியாகப் பூஞ்சை உள்ளே போனது. மெதுவாக, மிக மெதுவாகத் தின்றது. கடைசியில் 1925-ல், சுமார் 15 மீட்டர் சுற்றளவு இருந்த தாய் மரத்தையே வெட்டி எடுத்தார்கள். தேதிகளைக் கவனியுங்கள். காயம் பட்டது 1860-களில். மரத்தண்டை எடுத்தது ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து. நம்மிடம் வந்திருந்தால், "நேத்துதான் சார் வலிக்குது" என்றிருக்கும்.

தாய் மரம் போயும் அந்த ஆல் சாகவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகளில் நின்று இன்றும் காடு மாதிரி இருக்கிறது. நம்ம சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரமும் அப்படித்தான். 1882-ல் சபை அந்த இடத்தை வாங்கும்போதே அது கிழ மரம். 1989-ல் வீசிய புயலில் நடுத்தண்டு சாய்ந்தது. சுற்றியுள்ள விழுதுகள் நிற்கின்றன. ஆல் வகைக்கு இயற்கை கொடுத்த வசதி அது. ஒரு காலை எடுத்தாலும் நிற்க நூறு கால். செண்பகத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரே தண்டு, ஒரே அடிமரம்.

1901-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜான் டேவி என்பவர் 'மர டாக்டர்' என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். மரம் வெட்டுகிற வேலையை மரம் காக்கிற தொழிலாக மாற்றியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் பரப்பிய ஒரு முறை, பல் டாக்டர் செய்வதுபோலப் பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்ட் வைத்து அடைப்பது. அறுபது எழுபது வருஷம் உலகம் முழுக்க மரப்பொந்துகளில் சிமெண்ட் வைத்தார்கள். நம்ம ஊரிலும் பழைய மரங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இதை உடைத்தவர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையின் தாவர நோயியலாளர். 1959 முதல் செயின் ரம்பத்தை வைத்து ஆயிரக்கணக்கான மரங்களை நெட்டுவாக்கில் பிளந்து பார்த்தார். போஸ்ட்மார்ட்டம்! அதுவரை எல்லாரும் மரத்தைக் குறுக்கே வெட்டித்தான் பார்த்திருந்தார்கள். நீளமாகப் பிளந்தபோதுதான் காயம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்று தெரிந்தது.

அவர் கண்டதை 1977-ல் வெளியிட்டார். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மரத்துக்குக் காயம் ஆறாது.

நம் கையில் வெட்டுப்பட்டால் செத்த திசுவை உடம்பு அகற்றிவிட்டு அதே இடத்தில் புதுத் திசுவை வைத்து மூடும். தழும்பு மிஞ்சும், அவ்வளவுதான். மரத்தால் அது முடியாது. கெட்டுப்போன கட்டையை அது மாற்றுவதில்லை. சுவர் கட்டும். மேலும் கீழும் நீர்க்குழாய்களை அடைக்கும், உள்பக்கம் ஒரு சுவர், பக்கவாட்டில் ஒரு சுவர், கடைசியாகக் காயத்துக்குப் பிறகு வளரும் புதுக் கட்டையில் எல்லாவற்றையும்விட உறுதியான நாலாவது சுவர். கெட்டதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அதன் மேல் வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் உள்ளே பொந்தாக இருந்தும் மரம் நூறு வருஷம் பச்சையாக நிற்கிறது.

இப்போது பழைய வைத்தியங்களைத் திரும்பப் பாருங்கள். பொந்தைச் சுரண்டினால் என்ன ஆகும்? மரம் கட்டிய சுவர் உடையும். கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்து வெட்டினால்? கிளை சேரும் இடத்தில் லேசாகப் புடைத்த ஒரு வளையம் இருக்கிறதே, சுவர் கட்டுகிற ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களும் போய்விடுவார்கள். வெட்டுக்காயத்தில் தாரோ பெயிண்டோ பூசினால் அழுகல் நிற்பதில்லை, ஈரம் உள்ளே தங்குவதுதான் மிச்சம். எல்லாரும் மரத்தின் மேல் பாசத்தோடுதான் செய்தார்கள். மருத்துவத்தில் இதற்கென்றே ஒரு வகைப்பாடு உண்டு, வைத்தியரால் வந்த நோய் என்று.

பில்லலமர்ரிக்குத் திரும்புவோம். டிரிப்ஸ் படம்தான் பரவியது. அதோடு சேர்த்து அவர்கள் செய்த மற்ற வேலைகள் அவ்வளவு பரவவில்லை. வேர்ப்பகுதியிலும் நீர்த்த மருந்து விட்டார்கள். சாயும் கிளைகளுக்குக் கான்கிரீட் தூண் முட்டுக் கொடுத்தார்கள். மண்ணும் எருவும் நிரப்பிய குழாய்களுக்குள் இளம் விழுதுகளை இறக்கித் தரை தொட வைத்தார்கள். ஜனங்கள் ஏறி மிதிப்பதை நிறுத்தினார்கள். மரம் பிழைத்தது. கரையானுக்கு டிரிப்ஸ் உதவியிருக்கும். ஆனால் புது விழுது தரைக்கு வந்ததும், காலடியில் மண் மூச்சு விட்டதும்தான் ஒரு ஆலமரத்துக்கு அடுத்த நூறு வருஷம்.

இன்னொன்று. கரையான்களில் பெரும்பாலானவை செத்த கட்டையைத்தான் தின்னும். மரத்தில் கரையான் ஏறியிருந்தால், அந்த இடம் ஏற்கெனவே செத்துவிட்டது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். ஆறாத சர்க்கரைப் புண்ணில் புழு இருந்தால் புழுவை மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவோமா? சுகரைப் பார்ப்போம். நோய்முதல் நாடச் சொன்ன வள்ளுவர் இதை மனுஷனுக்கு மட்டும் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது எங்கள் செண்பகத்தின் ஹிஸ்டரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை கால். பிசியோதெரபிக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். எங்கள் வாசல் மண் தரை. மழையில் வழுக்கும். ஆகவே நான்தான் கொத்தனாரை வைத்து வாசல் முழுக்க சிமெண்ட் தரை போட்டேன். மேடு பள்ளம் தெரியாமல் இருக்க ஒரு அடி உயரத்துக்குச் செம்மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி, அடித்து இறுக்கி, மேலே சிமெண்ட். மரத்தைச் சுற்றி இடம் விடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தண்டைத் தொட்டபடி பூசி முடித்தார்கள். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது.

மரத்தின் வேர் ஏதோ ஆழத்தில் இருப்பதாக நினைக்கிறோம். உணவும் நீரும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், ஒன்றிரண்டு அடிக்குள், கிளை விரிவையும் தாண்டிப் பரவியிருக்கிறது. அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணை இறுக்கி மேலே சிமெண்ட் போட்டால் மூச்சுத்திணறல். உடனே சாகாது. சேமித்து வைத்ததைச் சாப்பிட்டு ரெண்டு மூணு வருஷம் ஓட்டும். அப்புறம் உச்சியில் இருந்து காயும். நாம மேலே பார்த்து மருந்து தேடுவோம்.

நானே போட்ட தரை, நானே வைத்த யூரியா. அப்பா நடக்கணும் என்று போட்ட தரை அப்பா வைத்த மரத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்காக மொத்தத் தரையையும் பெயர்க்க முடியுமா? அவர் நடக்கணுமே.

அப்பாவிடமே கேட்டேன். பேச்சு இன்னும் குழறும். சுவரோரம் கையைக் காட்டி, "இந்த ஓரமா எனக்கு வழி போதும்டா" என்றார்.

சுவரோரம் நாலடி அகலத்துக்கு அவருக்குப் பாதை. மீதியில் மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்தடிக்கு சிமெண்டைப் பெயர்த்தோம். கொட்டின மண்ணைக் கடப்பாரை இல்லாமல், வேர் அறாமல், சின்னக் கொத்தும் கையுமாக அள்ளி எடுத்தேன். ஒரு அடி ஆழத்தில் பழைய தரை மட்டம் வந்தது. புதைந்திருந்த பட்டை ஒரு பக்கம் கறுத்து ஊறிப்போயிருந்தது. கரையான் அங்கேதான் இருந்தது. இன்னொரு பக்கம் பட்டை கெட்டியாக இருந்தது. நகத்தால் லேசாகக் கீறினேன், அடியில் பச்சை.

காய்ந்த கிளைகளை அந்தப் புடைப்பு வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டினோம். வெட்டின இடத்தில் எதுவும் பூசவில்லை. தண்டில் ஒட்டாமல் மூன்று விரற்கடை உயரத்துக்குச் சருகு. வாரம் ஒரு நாள் நிதானமாகத் தண்ணீர். உரம் கிடையாது, மருந்து கிடையாது. 20 முழம் உத்தமம் என்ற வராகமிகிரர் வரி இப்போது புரிகிறதா? பாலையும் நெய்யையும் விட்டுவிடலாம். வேருக்கு இடம் விடச் சொன்னதை விட முடியாது. 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்றுதான் சொன்னது.

நீங்க இன்னைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டிலோ, தெருவிலோ, பள்ளியிலோ, உங்க ஊர் ஆஸ்பத்திரி வளாகத்திலோ ஒரு மரத்தின் அடியைப் போய்ப் பாருங்கள். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் யானையின் பாதம் மாதிரி விரிந்து இறங்கினால் நல்லது. விளக்குக் கம்பம் நட்டது மாதிரி நேராக இறங்கினால், மேலே மண்ணோ சிமெண்டோ ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே பாருங்கள். மஞ்சளாகிறபோது ரெண்டு மூணு வருஷம் தாமதம்.

எங்கள் மரம் பிழைக்குமா? பாதிப் பட்டை போயிருக்கிறது. இவ்வளவு தாமதமாக வந்த மனுஷ நோயாளியாக இருந்தால், சொந்தக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு "இப்போ எதுவும் சொல்ல முடியாதுங்க, பார்ப்போம்" என்றுதான் சொல்வேன். இதற்கும் அதேதான். மழைக்குப் பிறகு, காய்ந்த உச்சிக்குக் கீழே ரெண்டு கிளையில் தளிர் வந்திருக்கிறது. பூ இன்னும் இல்லை.

அப்பா தினமும் காலையில் வாக்கரோடு அந்த ஓரப் பாதையில் வந்து, மரத்துக்கு நேராக நின்று, மேலே பார்க்கிறார். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்த பிசியோதெரபியில் கழுத்தை நிமிர்த்துவது இல்லை. இப்போது அதுவும் நடக்கிறது.


மணவூரிலிருந்து, ஓர் அரசு மருத்துவர்